வலப்பக்கக் காஜா

ஸ்வெட்டரை நடுவே வெட்டப்போகிறாள் என்றதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பார்க்க முடியலைன்னா வாசல்ல போய் உட்காருங்க. எழவு வீட்ல இருக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு எதிர்ல இருந்தா எனக்குக் கை ஓடாது.”

“நீயே பின்னினே, நீயே அறுக்கறே. எனக்கென்ன வந்தது?”

“உங்களுக்குத்தான் வந்திருக்கு. வேற யாருக்கு வந்திருக்கு?”

கருநீல ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டுவது. அவன் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கச் சேர்ந்த வருடம் அவள் பின்னியது. முழங்கை தேய்ந்து ஒட்டுப் போட்டிருந்தது. பெட்டி உரசி உரசித் தோளில் நூல் முடியெழும்பிக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரே நடையில் இரண்டு மீன்பெட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவான். அதனால் அங்கே அவனுக்குக் கிரேன் என்று பெயர்.

அடுக்கி வைத்த பெட்டிகள் ஒருநாள் சரிந்து அவன் வலது தோள்மேல் விழுந்தன. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. வலது கை இப்போது தோளிலிருந்து தொங்குகிறது, அவ்வளவுதான். குளிக்கும்போது அதை இடது கையால் தூக்கிப் பிடித்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் மூட்டில் உயிர் போகும். தலைவழியாக எதையும் மாட்ட வழியில்லை. சட்டையை அவள்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கிடங்கு சூப்பர்வைசர் ஆள் அனுப்பியிருந்தார். குளிர் அளவு பார்க்கும் வேலை ஒன்று காலியாகிறது. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கொரு தடவை ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்ச் சுவரிலிருக்கும் மீட்டரைப் பார்த்து, கதவு ரப்பரில் பனி பிடித்திருந்தால் தட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு ஒரு கை போதும். கிரேன் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

“கை எனக்குப் பிரச்சினை இல்லைங்கறார். ஆனா உள்ள போகும்போது நெஞ்சை மூடிக்கிட்டுத்தான் போகணுமாம். வெளிய வந்ததும் கழட்டிடணுமாம். வேர்வையோட உள்ள போயி ஒருத்தன் விழுந்தான்ல, அதுலேருந்து இந்தக் கெடுபிடி. ‘திங்கட்கிழமை வந்து நீயா மாட்டி நீயா கழட்டிக் காட்டுவியா கிரேன்? உனக்கு உடுத்திவிட தனியா ஆள் போட முடியாதுப்பா’ன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மாட்டுவேன்னேன்.”

“எப்படி?”

“அது உன் வேலை.”

அது அவள் வேலைதான். ஜிப் வைக்கலாமா என்று யோசித்தாள். ஜிப்பின் அடிமுனையைக் கோக்க இரண்டு கை வேண்டும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்தால் அது உல்லன் முடியைப் பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போதெல்லாம் பின்னலைப் பிய்க்கும். மிச்சம் பட்டன். பட்டன் என்றால் அது நுழையும் ஓட்டை, காஜா வேண்டும். காஜாவுக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

அவள் வேலை பார்க்கும் ஷெட்டில் அவள் பெயரே காஜாக்காரி. வீட்டிலிருந்தபடி பின்னும் பெண்கள் ஸ்வெட்டர்களை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எதிலும் காஜா இருக்காது. முன்பட்டி ஓட்டையில்லாமல் நேராகப் பின்னப்பட்டிருக்கும். அந்த வாரம் எந்தப் பட்டன் மலிவாகக் கிடைக்கிறதோ அதைத்தான் முதலாளி வாங்கி வருவார். பட்டன் வந்த பிறகுதானே ஓட்டை எவ்வளவு என்று தெரியும்? ஆகவே பின்னி முடித்த பட்டியில் ஓட்டை திறப்பது அவள் பாடு. பட்டியின் நடுவில் ஒரே ஒரு பின்னல் கண்ணியைக் கத்தரி முனையால் நறுக்குவாள். நறுக்கிய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நூலை ஊசியால் மெல்ல உருவுவாள். மேலும் கீழும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் கண்ணிகளை உடனே வேறு நூலில் பிடித்து, ஓரத்தைச் சுற்றிக் கட்டிவிடுவாள். பிடிக்கத் தவறினால் பின்னல் ஓடிவிடும். ஓடினால் கீழ் விளிம்பில்தான் போய் நிற்கும். அவள் கையில் அப்படி ஓடியதில்லை. பேச்சுக்கு நடுவே, கொட்டாவிக்கு நடுவே திறந்துகொண்டே போவாள். கை தன்பாட்டுக்குப் போகும்.

வெட்டுவதற்கு முன் நடுக்கோட்டின் இரு பக்கமும் மெஷின் தையல் ஓட்ட வேண்டும். அதற்காக ஸ்வெட்டரை ஷெட்டுக்குக் கொண்டுபோனபோது இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, வீட்டுக்காரருக்கு ஆபரேஷனா?”

“ஆமா. நெஞ்சைத் திறந்து பார்க்கப்போறேன், உள்ள நான் இருக்கேனான்னு.”

“இருந்தா சொல்லுக்கா. என் வீட்லயும் பார்க்கச் சொல்றேன்.”

“உங்க நெஞ்சைத் திறந்தா பீடிப் புகைதான் வரும். போய்த் துணியைத் தேய்ங்க.”

வீட்டில், இரண்டு தையலுக்கும் நடுவே கத்தரியை விட்டு, கழுத்துவரை ஒரே மூச்சில் வெட்டினாள். நூல் எங்கும் பிரியவில்லை. வெட்டிய ஓரங்களில் கண்ணி எடுத்து இரண்டு பக்கமும் பட்டி பின்னினாள். காலையில் கிளம்புமுன் கொஞ்சம், அடுப்பில் பானை கொதிக்கும்போது கொஞ்சம். சனிக்கிழமை மதியம் காஜா திறந்தாள். பழைய கோட்டிலிருந்து எடுத்த தடித்த பட்டன்களை எதிர்ப்பட்டியில் தைத்தாள்.

“இப்பப் போடுங்க. நான் தொடமாட்டேன்.”

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செத்த கையைத் தூக்கி ஸ்வெட்டரின் கைக்குள் விட்டு, தோள்வரை இழுத்தான். மீதியை முதுகைச் சுற்றி எறிந்து இடது கையை நுழைத்தான். அப்புறம் பட்டனுக்கு வந்தான். நான்கு விரல் பட்டியின் அடியில் புகுந்து பட்டனைத் தள்ள, கட்டைவிரல் மேலே காஜாவை இழுத்துப் பிடிக்க, டபக்கென்று பட்டன் வெளியே வந்து உட்கார்ந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கழுத்துவரை ஏறிவிட்டான்.

அவளைப் பார்த்தான். குனிந்து நெஞ்சைப் பார்த்தான். சிரித்தான். பெட்டி விழுந்த நாளுக்குப் பிறகு அவன் பல்லை அவள் பார்த்தது அன்றுதான்.

“அடியே, சுவிட்ச் போடற மாதிரி இருக்குடி.”

“கழட்டுங்க பார்ப்போம்.”

கழற்றினான். மறுபடி மாட்டினான். வேர்த்து வழிந்தது, கேட்கவில்லை. புதுச்சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் இப்படி ஒரு தடவை செய்தால் போதும். வேலை அவனுக்குத்தான். அவள் அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பக்கத்துத் தெருதான், கேட்டுக்கொண்டு வருகிற பழக்கம் கிடையாது. தம்பி அக்காவுக்கு மாட்டிக் காட்டினான்.

“அட, ஜோராத்தான் இருக்கு,” என்றாள் நாத்தனார். பக்கத்தில் வந்து பட்டியைப் பிடித்துப் பார்த்தாள். “இரு, இரு. என்னது இது, வலது பக்கம் மேல வருது? பொம்பளைங்க போடறதுல்ல இப்படி இருக்கும்? ஏம்மா, ஷெட்ல எவளோடதையாவது தூக்கிட்டு வந்துட்டியா?”

“இல்ல அண்ணி. அவரோடதுதான்.”

“அப்ப என் தம்பியத்தான் மாத்திட்டே.” நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “சரி, செய்யறதை முழுசாச் செய். தலையையும் வாரி ரெட்டைச் சடை போட்டு விட்டுடு.”

மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

காஜாக்காரி பட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆண்களுக்கானதில் போடுகிறவனின் இடப்பக்கத்தில் காஜா வரும், பெண்களுக்கானதில் வலப்பக்கத்தில். தெரியாதவளா அவள்? ஆனால் ஷெட்டுக்கு வரும் சரக்கு முழுக்கப் பெண்கள் சரக்கு. வருடக்கணக்காக வலப்பட்டியையே திறந்த கை, புருஷனுடையதிலும் யோசிக்காமல் வலப்பட்டிக்குப் போயிருக்கிறது. மனசு திங்கட்கிழமையில் இருந்தது, கை ஷெட்டில் இருந்தது.

அவன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கட்டிலில் போட்டான்.

“மாத்து.”

“கொஞ்சம் சொல்றதைக் கேளுங்க.”

“மாத்துன்னு சொன்னேன்.”

“தப்பாத்தான் திறந்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா அதனாலதான் உங்களுக்குச் சுலபமா இருக்கு. இந்தா பாருங்க.” துண்டை எடுத்துத் தன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டி, முனையைப் பல்லால் இழுத்து முடிந்தாள். ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டாள். “வலப்பட்டி மேல இருந்தா அதோட ஓரம் இடது கைப்பக்கம் வருது. விரல் நேரா அடியில போகுது. இதையே மாத்தி இடப்பட்டி மேல வந்தா ஓரம் அந்தப் பக்கம் போயிடும். இடது கைய மடக்கிச் சுத்திக் கொண்டு போகணும், இப்படி. பட்டனைப் பிடிச்சா காஜா நழுவும். காஜாவைப் பிடிச்சா பட்டன் நழுவும். உங்க கைக்கு இதுதாங்க சரி.”

“பேசி முடிச்சியா?”

“முடிச்சேன்.”

“கை போச்சு. தோள் போச்சு. நீ கொண்டு வந்து போடறே, நான் திங்கறேன். சட்டைக்குக்கூட உன் முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்கறேன். அதெல்லாம் இந்த வீட்டுக்குள்ள. அங்கே அத்தனை பேரும் என்னைக் கிரேன்னு கூப்பிட்டவனுங்க. அவனுங்க முன்னால பொம்பளை சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நிக்கணுமா?”

“எவன் பார்க்கப் போறான்?”

“என் அக்கா பார்த்தா இல்ல?”

அவள் கையைக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

“ஒரே ஒரு நாள் இதோட போங்க. வேலை உறுதியானதும் மாத்தித் தரேன். உங்க கால்ல வேணாலும் விழறேன்.”

“மாத்தலைன்னா நான் போகலை. நீயே போய் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்துக்கோ.”

சொன்னால் செய்வான். போகாமலேயே இருந்துவிடுவான். ஞாயிறு காலை அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலப்பட்டியின் காஜாக்களை ஒவ்வொன்றாக நூல் கோத்து மூடினாள். பட்டன்களை அறுத்தெடுத்து, மூடிய பட்டியிலேயே தைத்தாள். இடப்பட்டியில் புதுக் காஜா திறந்தாள். நறுக்கும்போது கை முதல்முறையாக யோசித்தது. அவன் விரல் தட்டுத்தடுமாறினாலும் பட்டன் நுழையட்டும் என்று ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு கண்ணி உருவினாள். சுலபமாக நுழைகிற காஜா பட்டனைச் சுலபமாக வெளியேயும் விட்டுவிடும். உல்லன் தொய்யும், ஓட்டை நாளுக்கு நாள் வாய் பிளக்கும். ஷெட்டில் இப்படி ஒன்று திறந்தால் முதலாளி மூஞ்சியில் எறிவார். அது தெரிந்தேதான் திறந்தாள்.

அவன் போட்டுப் பார்த்தான். மணிக்கட்டை நண்டு மாதிரி மடக்கி, முகவாயால் பட்டியை அழுத்திப் பிடித்து, ஒரு பட்டனை நுழைப்பதற்குள் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்ததற்குப் போனபோது முதல் பட்டன் கழன்றது.

“பழகிடும்,” என்றான்.

“பழகிடும்,” என்றாள் அவளும். வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமை அவள் ஷெட்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவனோடு போனாள். வாசல் காவல்காரர் தெரிந்தவர். எடைமேடைப் பக்கம் நிழலில் நின்றுகொள்ளச் சொன்னார். அங்கிருந்து சரக்கு இறக்கும் மேடை முழுக்கத் தெரியும். பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் கதவுகள், அவற்றின் அடியிலிருந்து தரையோடு தவழ்ந்து வரும் வெண்புகை, தள்ளுவண்டிகள். லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்களை அவள் பார்த்தாள். ஒருவன் கிழிந்த கோட்டுக்கு மேல் சாக்கைக் கட்டியிருந்தான். ஒருவன் தலையில் பெண்கள் போடும் சால்வை. கிரேனோடு சேர்ந்து பெட்டி தூக்கிய மீசை என்கிறவன், ரோஸ் நிறத்தில் கழுத்தோரம் பூப்பின்னல் வைத்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். வலப்பட்டி மேலே வந்திருந்தது. அவளுக்கு அது தூரத்திலிருந்தே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“வாய்யா கிரேன்!” என்று மீசை கத்தினான். “நீ இல்லாம இங்க பெட்டியெல்லாம் கனமாயிடுச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். கிரேனும் சிரித்தான்.

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிரேன் முதல் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மாட்ட ஆரம்பித்தான். கை உள்ளே போனது, தோளுக்கு வந்தது, முதுகைச் சுற்றி வந்தது. பட்டனில் நின்றது. முதல் கதவுக்குப் போக வேண்டிய தள்ளுவண்டி ஒன்று அவனுக்காகக் காத்து நின்றது. இன்னொன்று வந்து அதன் பின்னால் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சூப்பர்வைசர் லாரியைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எடைமேடையில் நின்ற அவளுடைய இடது கை மடங்கி மடங்கி விரிந்தது. ஒரு வழியாக எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு எழுந்தான். உள்ளே போனான்.

வெளியே வந்தபோது மேல் பட்டன் இரண்டும் கழன்று நெஞ்சு திறந்திருந்தது. மீட்டரைப் பார்க்கக் குனிந்திருப்பான். காஜா விட்டிருக்கும்.

“என்னப்பா, இப்படித் திறந்துகிட்டா உள்ள நின்னே?” என்றார் சூப்பர்வைசர்.

“வரும்போதுதான் சார் கழண்டுச்சு.”

“சரி. அடுத்த ரூம் பார்த்துட்டு வா. மூடிக்கிட்டுப் போ.”

இப்போது விரல் விறைத்திருந்தது. மரத்துப்போன கைக்குப் பட்டன் எது, பட்டி எது என்று தெரியவில்லை. முகவாயால் அழுத்தினான். நழுவியது. மறுபடி அழுத்தினான். முகம் கறுத்தது. வரிசையில் நின்றிருந்த மீசை தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்தான்.

“விடு கிரேன், நான் போட்டு விடறேன். இதுக்குப் போய்…”

கிரேன் ஒரு அடி பின்னால் போனான். அதற்குள் மீசையின் இரண்டு கையும் வேலையை முடித்துவிட்டன. எல்லாப் பட்டனையும் கழுத்துவரை போட்டு, பட்டியை இழுத்து நேராக்கி, நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினான். “போ. ராஜா மாதிரி இருக்கே.”

கெட்ட எண்ணமே இல்லை. அப்படிப்பட்டவன் இல்லை மீசை.

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் உள்ளே போகவில்லை. 

“இதைத்தான்ப்பா நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றார் சூப்பர்வைசர் தணிந்த குரலில். “மணிக்கு மணி யாராவது வந்து போட்டு விடணும்னா எப்படி? இவனுங்க இன்னைக்குப் போட்டு விடுவானுங்க. நாளைக்கு மறுபடியும் லாரி வரும், அப்ப யாருக்கு நேரம் இருக்கும்?”

அவள் மேடைக்கு ஓடினாள்.

“சார், ஒரு நாள் குடுங்க. பக்கத்தை மாத்தி வச்சுத் தரேன். வீட்ல போட்டாருங்க, நல்லா போட்டாரு. நான்தான் மாத்தினேன்.”

“எந்தப் பக்கத்தைம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். வலப்பக்கம், பெண்கள் போடுகிற பக்கம் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் புரியும். தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புருஷனும் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அதற்குமுன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில், இனி இந்தக் கை எழாது என்று டாக்டர் சொன்ன அன்று.

“எந்தப் பக்கம்னு கேட்டேனே?” என்றார் சூப்பர்வைசர்.

“ஒண்ணுமில்ல சார்.”

“அவ கிடக்கறா சார்,” என்றான் கிரேன். “வா.”

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டரோடு அவன் வெயிலில் நின்றான். அவள் கழற்றிவிடக் கையைக் கொண்டுபோனாள். தட்டிவிட்டான். கன்னத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. காலேஜ் பையன்கள் இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

“மீசை போட்டிருந்தது அவன் பொண்டாட்டியோடது,” என்றாள்.

“தெரியும்.”

“ரோஸ் கலரு. பூ வேற.”

“எனக்கும் கண்ணு இருக்கு.”

“அப்புறம் என்னங்க?”

“அந்த லாரியில பாதி லோடு அவன் எறக்கினது. அவன் எதை வேணாலும் போட்டுக்கலாம். பாவாடை கட்டிக்கிட்டு வந்தாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

பஸ் வந்தது. ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்தான், செத்த கை படியில் இடித்தது. உட்கார இடம் கிடைத்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்து கிடங்கின் மதிலைத் தாண்டியது.

“நாளைலேருந்து எனக்குச் சட்டை போட்டு விட வேண்டாம்,” என்றான். “நீ பாட்டுக்கு வேலைக்குப் போ.”

“சட்டை இல்லாம எப்படி?”

“வீட்லதானே கிடக்கப் போறேன்.”

அவள் மதியத்துக்குள் ஷெட்டில் இருக்க வேண்டும். பாதி வழியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அவனைத் தனியாக அனுப்பினால் யார் படியிறக்குவார்கள், வீட்டுக்குப் போனாலாவது இதைக் கழற்றுவானா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்து கை நீட்டினார். வீட்டு நிறுத்தத்துக்கே இரண்டு டிக்கெட் கேட்டாள்.